சாலையைத் தோண்டாமல் அடியில் குழாய் தள்ளினால் மேலே தரை இறங்காதா?

கேள்வியைக் கேட்டவர் கடலூரில் கடற்கரைப் பக்கம், ஒரு பெரிய சாலையை ஒட்டி வீடும் அதன் கீழே கடையும் வைத்திருப்பவர். பாதாளச் சாக்கடைக்காகச் சாலையின் இந்தப் பக்கம் ஒரு குழியும் அந்தப் பக்கம் ஒரு குழியும் வெட்டி, இடையில் சாலையைத் தோண்டாமலே ஒரு மீட்டர் உள்விட்டமுள்ள கான்கிரீட் குழாயை ஜாக்கி வைத்துத் தள்ளப் போகிறார்களாம். எங்கள் பக்கம் ஐந்தடி தோண்டினாலே தண்ணீரும் மணலும் வருகிறது, சாலை உள்வாங்காதா என்று கேட்டதற்கு, "ஐந்து மீட்டர் ஆழத்தில் போகிறது, ஒன்றும் ஆகாது" என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார். இதை நம்பலாமா என்பதுதான் எழுத்தில் உள்ள கேள்வி. அதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆழம் மட்டும் காப்பாற்றுமா? காப்பாற்றுவது வேறெதுவோ என்றால் அது என்ன? அது சரியாக நடக்கிறதா என்பதை வெளியில் நிற்கும் ஒருவர் எப்படி அறிவது?

நான் மண்ணியல் பொறியாளன். புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்தக் கரையோரத்தில் அடித்தளம், குழாய் தள்ளுதல், கிணற்று வடிவக் குழி இறக்குதல் ஆகிய வேலைகளில் பல ஆண்டுகள் கழித்தவன். உங்கள் சாலையில் போட்ட மண் ஆய்வுத் துளைகளின் அறிக்கையை நான் பார்க்கவில்லை. ஆகையால் உங்கள் வீட்டு வாசலில் தரை இத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்த அறிக்கை இல்லாமல் யாராவது அப்படிச் சொன்னால் அவரையும் நம்ப வேண்டாம்.

தரை ஏன் இறங்குகிறது என்பதில் ஐயம் எதுவும் இல்லை. குழாய் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறதோ அதைவிட அதிகமான மண் வெளியே போய்விட்டால், அந்த மிகுதியை ஈடுகட்ட மேலுள்ள மண் கீழே நகர்கிறது. குழாயின் கொள்ளளவில் இந்த மிகுதி எத்தனை சதவீதம் என்பதைத்தான் மண் இழப்பு என்கிறோம். இந்த இழப்பு மேலே ஒரு நீளவாக்கிலான பள்ளமாக வெளிப்படும். குழாயின் நேர்மேலே அதிகமாகவும் இரு பக்கமும் மணி வடிவில் குறைந்தும் போகும். 1969ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் நடந்த மண்ணியல் மாநாட்டில் பெக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த வடிவத்தை முன்வைத்தார். இன்றும் முதல் கணக்கை அதை வைத்தே போடுகிறோம். பள்ளத்தின் அகலம் ஆழத்தையும் மண் வகையையும் பொறுத்தது. களிமண்ணில் பள்ளம் அகலமாகவும் மேலோட்டமாகவும் இருக்கும். மணலில் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும்.

உங்கள் குழாய்க்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிவிட்டம் ஏறத்தாழ 1.2 மீட்டர், குழாயின் மையம் 5 மீட்டர் ஆழத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளக் குழாயின் கொள்ளளவு சுமார் 1.13 கன மீட்டர். நல்ல இயந்திரமும் கவனமான ஆட்களும் இருந்து மண் இழப்பு 2 சதவீதத்தில் நின்றால், மீட்டருக்கு 23 லிட்டர் மண் கூடுதலாகப் போயிருக்கிறது. மேலே களிமண்ணாக இருந்தால் சாலையின் தாழ்வு 3 முதல் 4 மில்லிமீட்டர், மணலாக இருந்தால் 6 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். தார்ச் சாலையில் இதைக் கண்ணால் காண முடியாது. அதே இடத்தில் இழப்பு 10 சதவீதமானால் தாழ்வு களிமண்ணில் 18, மணலில் 30 மில்லிமீட்டர் ஆகிவிடும். இருசக்கர வண்டிக்காரருக்கே தெரியும். குழாயின் மையம் இரண்டரை மீட்டரில் மட்டும் இருந்தால் இவை எல்லாமே இரண்டு மடங்கு.

ஆகவே ஒப்பந்தக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஆழம் கூடினால் அதே இழப்பு அகலமாகப் பரவி, உச்சத் தாழ்வு குறையும். ஆனால் ஆழம் இழப்பைக் குறைப்பதில்லை. உங்கள் பக்கம் ஆழம் கூடக் கூட நிலத்தடி நீரின் அழுத்தமும் கூடுவதால், இழப்பு ஏற்படும் வாய்ப்பு அதிகமாகிறது என்றே சொல்ல வேண்டும். மேலே நான் போட்ட கணக்கில் 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் வேலை செய்பவரின் கையில் இருக்கிறது.

இந்த வட்டாரத்து மண்ணைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்துக் கிலோமீட்டருக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. கேப்பர் மலைப் பக்கமும், புதுச்சேரியில் லாசுப்பேட்டை, கோரிமேடு பக்கமும் மேட்டு நிலம். சிவந்த, இரும்பு கலந்த கெட்டி மண், அதன் அடியில் புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டிருக்கும் அடுக்கு. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்திருப்பீர்கள், அவையும் இந்த அடுக்கைச் சேர்ந்தவைதான். இந்த மண்ணில் வெட்டுமுகம், அதாவது குழாயின் முன்னே வெட்டப்படும் மண்சுவர், தானாகவே நிற்கும். கையால் வெட்டிக் குழாய் தள்ளும் பழைய முறைகூடப் பெரும்பாலும் ஒத்துவரும். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் தாழ்ந்த பகுதியும், உப்பனாற்றங்கரையும், அரியாங்குப்பம் ஆற்றின் ஓரமும் வேறு மாதிரி. அங்கே மெல்லிய மணல், வண்டல், கருங்களி ஆகியவை மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். தண்ணீர் மட்டம் மழைக்காலத்தில் சாலை மட்டத்துக்கே வந்துவிடும். மேட்டு நிலத்தில் வெற்றி கண்ட ஒரு குழுவை அதே கருவிகளோடு கீழே கொண்டுவந்து இறக்கும்போதுதான் இந்தப் பகுதியில் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

மென்களியில் வெட்டுமுகம் நிற்குமா என்பதற்கு எளிய ஒரு சோதனை உண்டு. குழாயின் மையத்துக்கு மேலுள்ள மண்ணின் பாரத்தோடு சாலைப் போக்குவரத்தின் பாரத்தைக் கூட்டி, வெட்டுமுகத்தில் நாம் கொடுக்கும் எதிரழுத்தத்தைக் கழித்து, களியின் வெட்டுவலிமையால், அதாவது சரியாமல் எதிர்த்து நிற்கும் வலிமையால், வகுக்க வேண்டும். விடை 6ஐத் தாண்டினால் முகம் உள்ளே சரியும். 4க்குக் கீழே இருந்தால் நகர்வு ஓரளவு கட்டுக்குள் இருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த புரோம்ஸ், பென்னர்மார்க் இருவரும் 1967இல் கொடுத்த அளவுகோல் இது. ஐந்து மீட்டர் ஆழத்தில் மண் பாரம் சதுர மீட்டருக்கு 8.5 டன், வண்டிகளின் பாரம் 1 டன், களியின் வலிமை 1.5 டன் என்று கொண்டால், எதிரழுத்தம் இல்லாதபோது விடை 6.3. அதாவது முகத்தைத் திறந்து போட்டுக்கொண்டு அந்தக் களியில் வேலையே செய்ய முடியாது. 4 டன் எதிரழுத்தம் கொடுத்தால் விடை 3.7க்கு இறங்குகிறது.

நீர் நிறைந்த மணலில் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. மணலுக்குத் தன்னளவில் பிடிப்பு கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மணலும் ஓடும். எங்கள் தொழிலில் மணல் ஓடுகிறது என்று சொன்னால் அது உவமை அல்ல. அத்தகைய மண்ணில் குழாயின் முன்னே ஆள் உட்கார்ந்து மண்வெட்டியால் வெட்டி, தள்ளுவண்டியில் மண்ணை வெளியே இழுக்கும் முறையை அனுமதிக்கவே கூடாது. அங்கே ஆபத்து முதலில் அந்த ஆளின் உயிருக்கு, பிறகுதான் சாலைக்கு. லண்டனில் தேம்சு ஆற்றின் அடியில் புருனெல் என்ற பொறியாளர், வெட்டுபவர்களைக் காக்கும் இரும்புக் கவசம் வைத்துச் சுரங்கம் வெட்டியபோது 1827இலும் 1828இலும் ஆறு உள்ளே புகுந்தது. இரண்டாவது முறை உயிர்கள் போயின. வெட்டுமுகத்துக்குச் சரியான எதிரழுத்தம் கொடுக்கும் வழி அன்று இல்லை. இன்று இருக்கிறது. பென்டனைட் என்ற நுண்களி கலந்த சேற்றுநீரை வெட்டுமுகத்தில் அழுத்தி நிறுத்தும் இயந்திரமும், வெட்டிய மண்ணையே ஓர் அறைக்குள் அடைத்து அதன் அழுத்தத்தால் முகத்தைத் தாங்கும் இயந்திரமும் இந்தியாவில் பரவலாகவே கிடைக்கின்றன. மணலும் தண்ணீரும் கலந்த இடத்தில், இந்த விட்டத்துக்கு, முதலாவது வகைதான் என் தேர்வாக இருக்கும்.

அழுத்தம் எவ்வளவு என்பதும் முக்கியம். தண்ணீர் மட்டம் ஒன்றரை மீட்டரில் இருந்தால், ஐந்து மீட்டரில் நீரழுத்தம் மட்டுமே சதுர மீட்டருக்கு மூன்றரை டன். சேற்றுநீரின் அழுத்தம் அதைவிட 2 டன் அளவுக்கு மிகுந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். மிகக் குறைத்தால் மணல் உள்ளே வரும்; மேலுள்ள மண்ணின் பாரத்தை நெருங்கும் அளவுக்குக் கூட்டினால் சாலை வீங்கி, வெடிப்பு வழியே சேறு மேலே பீய்ச்சும். மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். இயந்திரத்தில் உட்காருபவருக்குக் காலையில் எழுதிக் கொடுக்கும் அழுத்த எண், அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சாலையைக் கடக்கும் பகுதியை முடித்துவிட வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

வெட்டுமுகத்துக்கு அடுத்தபடியாக மண் இழப்பு நடக்குமிடம், பலரும் கவனிக்காத ஒன்று: குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி. குழாய் உரசாமல் நகர்வதற்காகக் குழாயைவிடச் சற்றுப் பெரிதாகவே வெட்டுகிறார்கள். சுற்றிலும் 15 மில்லிமீட்டர் அதிகமாக வெட்டினால் அது ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. ஆனால் 1.2 மீட்டர் குழாயில் அந்த 15 மில்லிமீட்டர் வளையம் மொத்தக் கொள்ளளவில் 5 சதவீதம். 25 மில்லிமீட்டர் என்றால் எட்டரை சதவீதம். வெட்டுமுகத்தில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்த வளையத்தை வெறுமையாக விட்டால், மண் அதை மூடிக்கொள்ளும். அதனால் குழாய்ச் சுவரில் உள்ள துளைகள் வழியாக, தள்ளத் தள்ள, பென்டனைட் கூழை அழுத்தத்தோடு நிரப்பிக்கொண்டே போக வேண்டும். இது உராய்வைக் குறைத்து ஜாக்கியின் சுமையையும் குறைப்பதால் ஒப்பந்தக்காரர்கள் இதைப் பெரும்பாலும் செய்துவிடுகிறார்கள். குழாய் மறுபக்கம் சேர்ந்த பிறகு அந்தப் பென்டனைட்டை வெளியேற்றி, அதன் இடத்தில் சிமென்ட் கலந்த கூழைச் செலுத்தி இறுக வைப்பதுதான் விட்டுப்போகும் வேலை. பென்டனைட் தானாக இறுகாது. நாளடைவில் நீர் வடிந்து சுருங்கும். குழாய் சேர்ந்த மறுநாளே குழுவை அடுத்த இடத்துக்கு அனுப்பும் அவசரத்தில் இதைத் தள்ளிப்போடுவார்கள். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், "கடைசியில் சிமென்ட் கூழ் எத்தனை மூட்டை போனது, கணக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

ஆனால் சாலையைக் காப்பது எது என்று என்னைக் கேட்டால், வெளியே வரும் மண்ணின் கணக்கு என்றுதான் முதலில் சொல்வேன். ஒரு மீட்டர் முன்னேறும்போது வெட்டப்படும் மண் சுமார் 1.2 கன மீட்டர். வெட்டிய மண் உதிர்ந்து உப்புவதால் அது வெளியே 1.4 முதல் 1.6 கன மீட்டராகத் தெரியும். மணல் குறைவாகவும் களி அதிகமாகவும் உப்பும். ஒரு மீட்டருக்கு 2 கன மீட்டர் வந்தால், எங்கோ மேலே ஒரு வெற்றிடம் உருவாகிறது என்று பொருள். சேற்றுநீர் இயந்திரத்தில் மண் தண்ணீரோடு கலந்து வருவதால் இந்தக் கணக்குக் கடினம். போகும் நீருக்கும் வரும் நீருக்கும் அளவும் அடர்த்தியும் பார்த்து, சேற்றுநீரிலிருந்து மண்ணைப் பிரிக்கும் கருவியின் பக்கம் குவியும் மணலையும் அளந்து ஒப்பிட வேண்டும். எவ்வளவு துல்லியக் குறைவானாலும், ஒவ்வொரு குழாய்த் துண்டுக்கும் ஒரு வரி எழுதிய பதிவேடு இருந்தால், எந்தத் துண்டில் கணக்கு எகிறியது என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

சாலை மட்டத்தை அளப்பதைவிட இதை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் உண்டு. மென்மண்ணுக்கு மேலே ஜல்லியும் தாரும் பல அடுக்காக இறுகிய ஒரு சாலை, அடியில் மண் போன பின்பும் கிணற்றின் மேல் போட்ட பலகையைப் போலச் சில காலம் தாங்கி நிற்கும். மேலே லெவல் கருவி வைத்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. அறிக்கையில் எல்லாம் நலம் என்று வரும். பிறகு ஒரு நாள் மழைநீர் அடியிலுள்ள மண்ணை மேலும் கரைக்க, நிறைபாரமேற்றிய ஒரு லாரி வர, சாலை ஒரே அடியாக உடைந்து விழும். படிப்படியான இறக்கம் ஓர் எச்சரிக்கை. திடீர்ப் பள்ளம் எச்சரிக்கை தராது. 2017 ஏப்ரல் 9 அன்று சென்னை அண்ணா சாலையில், கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் உள்ளே இறங்கிய காட்சி பலருக்கும் நினைவிருக்கும். 2016 நவம்பரில் ஜப்பானின் புகுவோகா நகரில் ஹகாட்டா நிலையத்துக்கு அருகே சாலை ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்துக்கு உள்வாங்கியது. ஒரு வாரத்தில் மூடிச் சாலையைத் திறந்துவிட்டார்கள். இவை உங்கள் குழாயைவிடப் பல மடங்கு பெரிய சுரங்கங்கள். அளவு வேறாக இருந்தாலும் மண் நடந்துகொள்ளும் விதம் வேறல்ல.

அளவீட்டுப் புள்ளிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாரின் மேல் அடித்த ஆணி தாரின் கதையைத்தான் சொல்லும். சாலை அடுக்குகளைத் துளைத்து, ஒரு உறைக்குழாய்க்குள் இரும்புக் கம்பியை இறக்கி, அதன் நுனி இயற்கை மண்ணில் ஊன்றுமாறு வைத்த புள்ளிதான் மண்ணின் கதையைச் சொல்லும். குழாயின் நேர்மேலே அத்தகைய புள்ளிகள் இரண்டு மூன்றாவது வேண்டும். ஒப்பிடும் நிலைப்புள்ளி பள்ளத்தின் வீச்சுக்கு வெளியே இருக்க வேண்டும்; ஐந்து மீட்டர் ஆழக் குழாய்க்குக் களிமண்ணில் அந்த வீச்சு இரு பக்கமும் ஏழெட்டு மீட்டர் வரை போகும். வேலை தொடங்கும் முன்பே ஓரிரு வாரம் அளந்து, வெயிலுக்கும் வண்டிக்கும் சாலை தானாக எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவைத்தால்தான் பிறகு வரும் எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

குழிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் வீடுகளுக்குத் தொல்லை கொடுத்தவை குழாய்களைவிடக் குழிகளே அதிகம். ஆறு மீட்டர் ஆழக் குழியை, சுற்றிலும் நீர் நிறைந்த மணலில், உள்ளே மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இறக்கினால், அடியிலிருந்து தண்ணீர் மணலைக் கொப்பளித்துக்கொண்டு மேலே வரும். வெளியே குழியோரத்துத் தரை அதே அளவுக்குத் தாழும். அடியில் களி இருந்தால் பிழைத்தோம் என்று எண்ணவும் முடியாது. அந்தக் களியின் கீழே அழுத்தம் மிகுந்த நீர் கொண்ட மணலடுக்கு இருந்தால் அது களியையே மேலே தூக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீரை இடைவிடாமல் இறைத்து அதன் அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே சுரங்கம் வெட்டுவது இதே காரணத்தால்தான். நம் குழிகளில் அவ்வளவு அழுத்தம் இராது, ஆயினும் துளை அறிக்கை குழியின் அடிமட்டத்தோடு நின்றுவிடாமல் அதற்குக் கீழேயும் நாலைந்து மீட்டர் போயிருக்க வேண்டும். மணலில் இறக்கும் கிணற்று வடிவக் குழியை உள்ளே தண்ணீரை இறைக்காமல், நீர் நிறைந்த நிலையிலேயே மண்ணை அள்ளி இறக்கி, அடியில் கான்கிரீட் போட்டு அடைத்த பிறகு இறைப்பது நல்ல முறை.

குழியின் சுவரை உடைத்து இயந்திரம் மண்ணுக்குள் நுழையும் அந்த முதல் அரை மீட்டரும், மறுபக்கக் குழியில் வெளிவரும் கடைசி அரை மீட்டரும் மிக ஆபத்தானவை. அங்கே எதிரழுத்தம் இன்னும் நிலைபெறவில்லை, அல்லது விட்டுப்போகிறது. சுவர்த்துளையில் ரப்பர் வளையம் பொருத்துவதும், துளைக்கு வெளியே உள்ள மண்ணை முன்னதாகவே சிமென்ட் கலந்து கெட்டிப்படுத்துவதும் இதற்காகத்தான். மெல்லிய மணலுக்குள் சாதாரணச் சிமென்ட் கூழ் புகாது. அதன் துகள் மணலின் இடுக்கைவிடப் பெரியது. அங்கே மிக நுண்ணிய சிமென்டோ, மண்ணையே உயரழுத்தத்தில் கலக்கும் ஜெட் முறையோ தேவைப்படும். எத்தனையோ மூட்டை ஊற்றினோம் என்று சொல்வதைக் கேட்டு மண் கெட்டியாகிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரையே இறைத்து நீர்மட்டத்தைக் கீழே கொண்டுபோய்விட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. சுத்த மணலில் அது வேலை செய்யும். ஆனால் இடையில் கருங்களி அடுக்கு இருந்தால், நீர்மட்டம் இறங்கியதும் களியின் மேல் விழும் பாரம் கூடி, அது மெல்ல மெல்ல அழுந்தும். அந்தத் தாழ்வு குழாயின் வீச்சோடு நிற்காமல் தெரு முழுவதும் பரவும். கடலோரமாக இருப்பதால் உவர்நீர் உள்ளே வரும் கவலையும் சேர்கிறது. சில நாட்களுக்கு, குழிகளைச் சுற்றி மட்டும், அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இறைப்பது ஒன்று. மாதக்கணக்கில் இறைப்பது வேறொன்று.

கிணறு என்றதும் நினைவுக்கு வருவது, மூடப்பட்ட பழைய கிணறுகள். கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளின் முற்றத்தில் கிணறு இருந்தது. சாலை அகலப்படுத்தும்போது வீட்டின் முன்பகுதி போய், கிணறு குப்பையும் செங்கல்லும் போட்டு மூடப்பட்டு, சாலைக்கடியில் மறைந்திருக்கும். இயந்திரம் அதைத் தொட்டால் சேற்றுநீரின் அழுத்தம் அதன் வழியே நொடியில் வெளியேறி, வெட்டுமுகம் தாங்கலற்றுப் போகும். துளை ஆய்வில் இது சிக்காது. தெருவில் நீண்ட நாள் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும். உங்களுக்கு அப்படி ஏதாவது தெரிந்திருந்தால் எழுத்தில் கொடுங்கள். அது ஒரு துளை அறிக்கைக்குச் சமம். கசியும் பழைய குடிநீர்க் குழாயும் இதே வகைத் தொல்லைதான். அதைச் சுற்றியுள்ள மண் ஏற்கெனவே பாதி கரைந்திருக்கும். மேட்டு நிலமும் தாழ்நிலமும் சந்திக்கும் இடங்களில் வெட்டுமுகத்தின் கீழ்ப்பாதியில் இரும்புக்கல் கலந்த கெட்டி மண்ணும் மேல்பாதியில் மணலும் வருவது இன்னொரு சிக்கல். கீழே இயந்திரம் திணறி நகராமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது, மேலே மணல் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருக்கும். முன்னேற்றம் குறைந்து மண் மட்டும் குறையாமல் வந்தால் உடனே நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். மேலே போட்ட மில்லிமீட்டர் கணக்குகள் பரிமாணத்தைக் காட்டுபவை. ஒன்றரை மடங்கு இப்படியோ அப்படியோ போகலாம். மண் இழப்பு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்வதில் பொறியாளரின் தீர்ப்புத்தான் பெரும்பங்கு. அதற்குச் சூத்திரம் இல்லை. மணல், களி, மணல் என்று அடுக்குகள் மாறும்போது பள்ளத்தின் அகலம் எப்படியிருக்கும் என்பதிலும் வல்லுநர்கள் ஒத்துப்போவதில்லை. மிகவும் ஐயத்துக்குரியது காலம். மணலில் தாழ்வு பெரும்பாலும் இயந்திரம் கடந்த சில நாட்களில் முடிந்துவிடும். இடையில் கலங்கிய மென்களி மாதக்கணக்கில் அழுந்திக்கொண்டே இருக்கும். அது முதல் தாழ்வைப் போலப் பாதியாக இருக்குமா, அதற்குச் சமமாக இருக்குமா என்று நான் முன்கூட்டிச் சொல்லத் துணிய மாட்டேன். அதனால்தான் அளவீட்டை வேலை முடிந்த அன்றே நிறுத்தாமல், குறைந்தது ஒரு மழைக்காலம் முடியும் வரை தொடர வேண்டும் என்கிறேன்.

கேபிளுக்கும் சிறிய குடிநீர்க் குழாய்க்கும் சாலையின் குறுக்கே துளையிட்டு இழுக்கும் வேலையும் நடக்கிறது; அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே குழாயின் விட்டத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிய துளை போட்டு, அதைச் சேற்றுநீர் மட்டும் தாங்கி நிற்க, குழாயை இழுப்பார்கள். 300 மில்லிமீட்டர் குழாய்க்கு 450 மில்லிமீட்டர் துளை என்றால், துளையின் பரப்பு குழாயைப் போல இரண்டேகால் மடங்கு. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மணலில் இதைச் செய்தால் சாலை பிறகு தாழ்வதில் வியப்பில்லை. அந்த அனுபவத்தை வைத்து உங்கள் தெருவில் பயம் வந்திருந்தால், பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் சரியான இயந்திரத்தோடு செய்யும் தள்ளுவேலை அதைவிடப் பாதுகாப்பானது.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதைவிட, ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதே முக்கியம். 500க்கு 1 என்ற சாய்வுக்குள் இருந்தால் செங்கல் சுவரில் பெரிய விரிசல் வராது என்பது நெடுங்காலமாகக் கொள்ளும் வரம்பு. 300க்கு 1ஐத் தொட்டால் விரிசலை எதிர்பார்க்கலாம். சுண்ணாம்புக் கட்டடமும் ஆழமில்லாத அடித்தளமும் உள்ள பழைய வீடு என்றால் முதல் வரம்பையே கடைசி வரம்பாகக் கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன்பு வீட்டிலுள்ள எல்லா விரிசல்களையும் தேதியோடு படம் எடுத்து, இருதரப்பும் கையெழுத்திட்ட ஒரு பதிவாக வைத்துக்கொள்ள வேண்டும். இது உங்களுக்கு மட்டுமல்ல, நேர்மையான ஒப்பந்தக்காரருக்கும் பாதுகாப்பு. விரிசல்களின் மேல் சுண்ணாம்பில் பதித்த சிறு கண்ணாடித் துண்டு உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

வேலையெல்லாம் முடிந்து சில மாதம் கழித்துச் சாலையில் ஒரு தட்டுப் போல லேசான குழிவு தெரிந்தால், அதன் மேல் தாரைப் போட்டு மட்டப்படுத்த விடாதீர்கள். அப்படிச் செய்தால் பாரமும் கூடும், அடையாளமும் மறையும். அந்த இடத்தில் வண்டிகளைத் தடுத்துவிட்டு, சாலையில் சிறு துளையிட்டு, கூம்பு நுனிக் கம்பியைச் சுத்தியால் அடித்து இறக்கிப் பார்க்க வேண்டும். அடிக்காமலே கம்பி இறங்கும் ஆழம்தான் வெற்றிடம். தரைக்குள் பார்க்கும் ரேடாரைக் கொண்டுவருவார்கள். உவர்நீரும் களியும் உள்ள நம் கரையோரத்தில் அதன் அலை வெகு ஆழம் போகாது, அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வெற்றிடம் இருப்பது தெரிந்தால், துளைகள் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் சிமென்ட் கூழை, அடுத்த துளையில் எட்டிப் பார்க்கும் வரை நிரப்பி, அது இறுகிய பின்பே மேல் அடுக்கைச் சீர்செய்ய வேண்டும்.